வைக்கோலை மறந்த உயிர்கள்

சென்ற வாரம், ஆலையின் பள்ளத்திலிருந்து இளையவனை மூன்று பேர் தூக்கி வந்து சிமெண்டுத் தரையில் கிடத்திய இடத்தில் நாம் நின்றோம். அதன்பின் ஐந்து நாட்கள் கழிந்துவிட்டன. இளையவன் மூச்சு விடுகிறான். ஆனால் அந்த மூச்சு அவனுடையது அன்று. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் இயந்திரம் நிமிடத்துக்குப் பதினாறு முறை அதை உள்ளே தள்ளுகிறது. பதினாறு முறை வெளியே எடுக்கிறது.

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுவது முறை. இளையவனின் அக்காள், இந்தக் குடும்பத்தின் மூத்தவள், எரிவாயு ஆலையின் ஆய்வாளர். கரையானின் குடலில் வாழ்ந்து மரத்தைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, பதினொரு ஆண்டுகளாக வளர்த்து, அவற்றுக்கு வைக்கோலைக் கொடுத்து எரிவாயு எடுக்கிறாள். ஆலைத் தொழிலாளர்கள் அவளைக் 'கரையான் டாக்டர்' என்பார்கள். அவளுடைய உயிர்கள் வாழும் இரண்டு மாடி உயரத் தொட்டியை 'வயிறு' என்பார்கள். அந்த வயிற்றைக் கவனிக்கும் பொறியாளர் அவளுடைய கணவர். தினமும் மாலை நான்கு மணிக்கு அதன் அடியில் உள்ள பள்ளத்தில் இறங்கி, குழாயைத் திறந்து ஒரு புட்டி கரைசலைப் பிடித்து வருவது இளையவனின் வேலை. அப்படி இறங்கியவன்தான் ஏறி வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கான விசாரணை இன்று பிற்பகல் மூன்று மணிக்கு.

காலை ஏழு மணிக்கு மூத்தவள் மருத்துவமனைக்குப் போனபோது, இளையவனின் மனைவி வராந்தாவில் இருந்த இரும்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதையில் அவளைச் சின்னவள் என்றே அழைத்து வருகிறோம்.

"ஏதாவது சாப்பிட்டியா?"

"ஏதோ உள்ளே தள்ளினேன் அண்ணி. ருசி பாத்தா சாப்பிடுறேன்? அவருக்கு மெஷின் தள்ளுது, எனக்கு நானே தள்ளிக்கிறேன்."

மூத்தவள் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். தம்பியின் வலது கைவிரல்கள் இன்னும் எதையோ பற்றியிருப்பதுபோல் மடங்கியிருந்தன. அந்தக் கையிலிருந்துதான் மாதிரிப் புட்டியை அன்று பிரித்தெடுத்தார்கள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இன்னும் பத்து நாள் பாக்கணுமாம். அதுக்குள்ள மெஷினை எடுத்துட்டா..." சின்னவள் மடியிலிருந்த கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். "நேத்து ஆபீஸ்லருந்து ஒருத்தர் வந்து இதைக் குடுத்துட்டுப் போனார். படிங்க."

மூத்தவள் படித்தாள். 'முகமூடி அணியாமல் பள்ளத்தில் இறங்கியது தொழிலாளியின் கவனக்குறைவு என்பதை அவருடைய குடும்பத்தினராகிய நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.' கீழே மூன்று கோடுகள். மனைவிக்கு ஒன்று, அக்காளுக்கு ஒன்று, பொறியாளருக்கு ஒன்று.

"மூணு கையெழுத்தும் விழுந்துட்டா மெஷின் எத்தனை நாள் ஓடணுமோ அத்தனை நாள் ஓடட்டும்னு சொல்லிட்டாங்க. மனிதாபிமானமாம்."

"விழலன்னா?"

"அப்ப கேஸுதான். கேஸ் முடியுற வரைக்கும் ஆலை எதுக்கும் பொறுப்பில்லையாம். இவரைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? பெரிய ஆஸ்பத்திரில இந்த மெஷினுக்கு நாப்பது பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"அவன் கவனக்குறைவானவன் இல்ல."

"எனக்கா சொல்றீங்க? அடுப்பு சிலிண்டரை மூணு தடவை திருகிப் பாத்துட்டுத்தான் படுப்பார். நாலாவது தடவை நான் திட்டுவேன்." சின்னவளின் உதடு ஒரு கணம் சிரிப்பின் பக்கமாகப் போய்த் திரும்பியது. "ஆனா எழுதினா எழுதிட்டுப் போகட்டும் அண்ணி. பேரை வச்சுக்கிட்டு மூச்சு விட முடியுமா?"

மூத்தவள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். நேரே ஆலைக்குக் கிளம்பினாள்.

அந்தப் புட்டி ஐந்து நாட்களாக அவளுடைய ஆய்வுக்கூடத்தில், காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தம்பியின் கைரேகை அதன்மேல் காய்ந்திருந்தது. அதைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மூன்று மணிக்கு ஒரு தாளில் கையெழுத்திட வேண்டுமென்றால், பத்து மணிக்காவது அதைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பெட்டியின் பக்கத்தில் பதித்திருக்கும் ரப்பர்க் கைகளுக்குள் தன் கைகளை நுழைத்தாள். அவளுடைய உயிர்களுக்குக் காற்றுப் பட்டால் சாவு. ஆகவே பதினொரு ஆண்டுகளாக அவற்றை அவள் வெறுங்கையால் தொட்டதில்லை. புட்டியைத் திறந்தாள், ஒரு சொட்டு எடுத்தாள், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைத்து மூடி, வெளியே கொண்டுவந்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள்.

வழக்கமாக அவள் காணும் காட்சி இது: வைக்கோல் நார்த் துண்டு ஒவ்வொன்றையும் சுருள் வடிவ உயிர்கள் மயிரிழைகள்போல் அப்பிக்கொண்டிருக்கும். நார் தெரியாது, அப்பியவைதாம் தெரியும். வைக்கோலைத் தின்பதற்கு அதை விடாமல் பற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழி அவற்றுக்கு இல்லை. இப்படிப் பற்றியிருப்பதைப் பார்ப்பதற்காகத்தான் மாதிரியைப் பம்பு வைத்து இழுக்கக் கூடாது, கையால்தான் பிடிக்க வேண்டும் என்று அவள் உத்தரவு போட்டிருந்தாள். பம்பின் வேகத்தில் உயிர்கள் நாரைவிட்டு உதிர்ந்துவிடும். "எங்க அக்காவுக்குப் பம்பு ஆகாது, தம்பிதான் ஆகும்" என்று இளையவன் ஆலை முழுவதும் சொல்லித் திரிவான்.

இன்று நார்த் துண்டுகள் மொட்டையாகக் கிடந்தன.

ஒன்றில்கூட ஓர் உயிர் ஒட்டியிருக்கவில்லை. சுற்றிலும் சிறு சிறு கோல் வடிவ உயிர்கள் ஆயிரக்கணக்கில் கொழுத்து நீந்திக்கொண்டிருந்தன. வைக்கோலை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டாவது சொட்டு எடுத்தாள், மூன்றாவது எடுத்தாள். புளிப்பை அளக்கும் தாளைக் கரைசலில் நனைத்தாள். அது இருக்க வேண்டிய பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது.

வைக்கோல் ஒருநாளும் இவ்வளவு வேகமாகப் புளிக்காது. சர்க்கரைதான் புளிக்கும்.

மூத்தவள் நாற்காலியில் சாய்ந்தாள். சென்ற மாதம் வாயு மீட்டர் நாளுக்கு நாள் ஏறியது. நிர்வாகக் குழுவினர் கைதட்டினார்கள். மூடுவதாக இருந்த பிரிவை மேலும் மூன்று ஆண்டுகள் நடத்தத் தீர்மானித்தார்கள். அந்த எண்களைப் போட்டு அறிக்கை எழுதியவள் அவள்தான். 'வைக்கோலிலிருந்து கிடைத்த வாயு' என்று தன் கைப்பட எழுதியிருந்தாள்.

யாரோ அவளுடைய உயிர்களுக்கு இனிப்பை ஊட்டியிருக்கிறார்கள். தொட்டியின் மேல்மூடிக்கு இரண்டே சாவிகள்தாம் உண்டு. ஒன்று அவளுடைய இடுப்பில் இருந்தது.

பம்பு அறையில் அவளுடைய கணவர் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அங்கே எதுவும் அழுக்காக இல்லை.

"என்ன ஊத்தினீங்க?"

அவர் நிமிரவில்லை. "எதுல?"

"என்னங்க, நான் சாம்பிளைப் பாத்துட்டேன்."

துணி நின்றது. "சர்க்கரை ஆலைப் பாகு" என்றார். "காலையில ரெண்டு கேன். நீ வர்றதுக்கு முன்னாடி."

"எத்தனை நாளா?"

"இருபத்தாறு. விபத்து நடந்த அன்னியோட நிறுத்தியாச்சு."

"யார் தூக்கிக்கிட்டு ஏறினது? உங்க இடுப்புக்கு ஒரு கேனைக்கூட நீங்க தூக்க முடியாது."

பொறியாளர் துணியைக் கீழே வைத்தார்.

"மச்சான்தான்."

"அவனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சா அன்னிக்கே நேரா போய் மேலிடத்துல சொல்லிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? போன மாசக் கடைசில பிரிவை மூடிடுறதா முடிவு பண்ணியிருந்தாங்க. பதினொரு வருஷமா அந்தப் பெட்டிக்குள்ள கையை விட்டுக்கிட்டே நரைச்சுப் போனே. நானும் மச்சானும் பேசினோம். ஒரு மாசம் தூக்கி நிறுத்திட்டா போதும், அப்புறம் உன் உயிர்களே பாத்துக்கும்னு..."

"இனிப்பு தின்னுப் பழகினது வைக்கோலைத் தொடுமா? வைக்கோலைத் தொட்டதெல்லாம் புளிப்புல செத்துப்போச்சு. பதினொரு வருஷத்தை இருபத்தாறு நாள்ல கழுவி ஊத்திட்டீங்க."

"அதை உனக்காகத்தான்..."

"தண்ணிப் பூட்டு என்ன ஆச்சு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. தொட்டியில் வாயு மிஞ்சினால் வெளியேறாமல் தடுத்து நிற்பது, பள்ளத்தின் ஓரத்தில் உள்ள ஒரு வளைந்த குழாயும் அதில் நிரப்பிய தண்ணீரும்தான். வைக்கோல் கொடுக்கும் வாயு அந்தத் தண்ணீரை அசைக்கவும் வலுவற்றது. பாகு கொடுத்த வாயு அதைப் பீய்ச்சி எறிந்திருக்கிறது. அதன்பின் வெளியேறும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தண்ணீரைப்போலத் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது.

"அன்னிக்கே தெறிச்சிருக்கு. காலியாத்தான் இருக்கு."

"இப்பவுமா? அஞ்சு நாளா நிரப்பலையா?"

"நிரப்பினா ஏன் காலியாச்சுன்னு கேள்வி வரும். பள்ளத்தை மூடிப் பூட்டுப் போட்டிருக்காங்க, விசாரணை முடியுற வரைக்கும் ஒருத்தரும் இறங்க மாட்டாங்க. கையெழுத்தாகட்டும், சாயங்காலமே நான் நிரப்பிடுறேன். யாருக்கும் தெரியாது."

"என் தம்பி பேருல கவனக்குறைவுன்னு எழுதிட்டு, நீங்க தண்ணி ஊத்தப் போறீங்க."

அவர் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். "பாகு என் தப்புதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். கையாலதான் பிடிக்கணும்னு நீ அடம்பிடிக்கலைன்னா அவன் அந்தப் பள்ளத்துல இறங்கியே இருக்க மாட்டான். இல்லையா?"

அது உண்மை.

விசாரணை அதிகாரி துப்புரவான மனிதர். மேசைமேல் பேனா, தாள், வெந்நீர்க் குடுவை ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருந்தார். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார், தாளை ஒருமுறை உரக்கப் படித்தார். மூன்று மணி விசாரணை மூன்றரைக்குத்தான் தொடங்கியது; மொத்தமும் முடிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

சின்னவள் முதலில் கையெழுத்திட்டாள். பேனாவை அழுத்திப் பிடித்து, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எழுதினாள்.

பொறியாளர் இரண்டாவதாகக் கையெழுத்திட்டார்.

தாள் மூத்தவளின் முன்னால் வந்தது. அவள் பேனாவை எடுத்தாள். சின்னவள் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்திட்டால் தம்பிக்குப் பத்து நாள் மூச்சு. இடாவிட்டால் அவனுக்கு நல்ல பெயர். பள்ளத்தைக் கணவர் மாலையில் சரிசெய்துவிடுவார். பேனா முனை தாளைத் தொட்டது.

"ஒரே ஒரு விஷயம் சார். இனிமே சாம்பிள் எடுக்க யாரைப் போடப் போறீங்க?"

"மூட்டை கட்டுற பிரிவுலருந்து ஒருத்தரை மாத்தியாச்சும்மா. நிதானமான ஆள், ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்தவர். அவசரப்பட்டு எதையும் செய்ய மாட்டார்."

"எப்போலருந்து?"

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிலருந்துதான். தாள்தான் தயாரா இருக்கேன்னு மத்தியானமே பள்ளத்தைத் திறக்கச் சொல்லிட்டேன். இஞ்சினியர் சாருக்கும் தகவல் குடுத்தாச்சே. நாலு மணி சாம்பிள் தவறக் கூடாதுன்னு அங்க போர்டுல நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?"

கடிகாரத்தில் நான்கு அடிக்க ஆறு நிமிடங்கள் இருந்தன.

மூத்தவள் கணவரைப் பார்த்தாள். தகவல் அவருக்கு மத்தியானமே வந்திருக்கிறது. பூட்டில் தண்ணீர் இல்லை என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அவர் எழுந்திருப்பார் என்று அவள் காத்திருந்தாள். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாவது, தலைவலி என்றாவது, வெளியே ஓடுவார் என்று காத்திருந்தாள்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்கள் அசையவில்லை.

பாகு ஊற்றியதை அவள் என்றாவது மன்னித்திருக்கக்கூடும். முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்கள் அதைவிடப் பெரியவற்றையும் மன்னித்திருக்கிறார்கள். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த இந்த மனிதரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாற்காலி பின்னால் சரிந்து விழ, மூத்தவள் ஓடினாள்.

இரும்புப் படிகளில் புடவை தடுக்கியது. இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். தொட்டியின் பின்புறத்தில் பள்ளத்தின் மூடி திறந்து கிடந்தது. ஏணியில் ஒரு நரைத்த தலையும் இரண்டு தோள்களும் மட்டும் தரைக்கு மேலே தெரிந்தன. வாயில் புட்டியைக் கவ்விக்கொண்டு அவர் அடுத்த படிக்குக் காலைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க! மேல ஏறுங்க!"

அவர் புட்டியைக் கையில் எடுத்தார். "அம்மா, நாலு மணி சாம்பிளு..."

"சாம்பிளும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஏறுங்கன்னா ஏறுங்க!"

சட்டைக் காலரைப் பற்றி இழுத்தாள். ஐம்பது வயதைக் கடந்த மனிதரை அவளால் தூக்க முடியாது. ஆனாலும் அவள் இழுத்த இழுப்பில் அவர் பயந்துபோய்த் தாமே ஏறிவிட்டார். மூச்சு வாங்கியபடி தரையில் உட்கார்ந்தார்.

"மாஸ்க் எங்க?"

"ஸ்டோர்ல பூட்டிக் கிடக்கு. சாவி வச்சிருக்கிறவர் டீ குடிக்கப் போயிருக்காராம். அவர் வர்ற வரைக்கும் காத்திருந்தா மணி நாலைத் தாண்டிரும், கரையான் டாக்டர் தலையைத் தின்னுருவாங்கன்னு சொன்னாங்க..." யாரிடம் பேசுகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சின்னவளும் வந்தாள். மூத்தவள் ஆக்ஸிஜன் மீட்டர் வேண்டும் என்றாள். யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். அதைக் கயிற்றில் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். மூத்தவள் பத்துவரை எண்ணினாள். பிறகு கயிற்றைச் சுருட்டி மேலே எடுத்து, பதிவாகியிருந்த எண்ணை அதிகாரியே படித்தார்.

"ஆறு." தாம் படித்ததை நம்பாதவராய் மறுபடியும் படித்தார். "ஆறு சதவீதம். வெளியில இருபத்தொண்ணு இருக்கணுமே."

உட்கார்ந்திருந்தவர் தாம் இறங்க இருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அங்கே எதுவும் தெரியவில்லை. ஏணி தெரிந்தது, குழாய் தெரிந்தது, சுத்தமான சிமெண்டுத் தரை தெரிந்தது. தம் இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டார்.

"எழுதிக்குங்க சார்" என்றாள் மூத்தவள். "இருபத்தாறு நாள் இந்தத் தொட்டில பாகு ஊத்தியிருக்காங்க. வைக்கோல் வாயு இல்ல இது. நான் குடுத்த அறிக்கை பொய்யி. தெரியாம குடுத்தேன், ஆனா கையெழுத்து என்னுது. தண்ணிப் பூட்டு காலி. ஊத்தச் சொன்னது என் வீட்டுக்காரர். கேன் தூக்கினது என் தம்பி. அவனை இந்தப் பள்ளத்துல கையால சாம்பிள் பிடிக்கச் சொன்னது நான். கவனக்குறைவுன்னு எழுதணும்னா எங்க மூணு பேரையும் சேத்து எழுதுங்க. அவனை மட்டும் எழுதாதீங்க."

அதிகாரி தம் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு கையெழுத்துகள் இருந்தன. மூன்றாவது கோட்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு மைப்புள்ளி இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தபடி அப்பால் நடந்தார். மேலே, படிக்கட்டின் தலைப்பில், பொறியாளர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். இப்போதும் அவர் இறங்கி வரவில்லை.

மூட்டை கட்டும் பிரிவுக்காரர் எழுந்து மூத்தவளைக் கும்பிட்டார். அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் சின்னவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் பள்ளத்தின் விளிம்புவரை வந்து, தன் கணவன் இறங்கிய ஏணியின் முதல் படியைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சது சரி அண்ணி" என்றாள். "இந்த மனுஷன் பொழச்சார். இவரும் ஒருத்திக்கு வீட்டுக்காரர்தானே."

பிறகு நிமிர்ந்து, மேலே நின்ற பொறியாளரை ஒருமுறை பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில ஆபீஸ்லருந்து போன் பண்ணி மெஷினை எடுக்கச் சொல்லிருவாங்க. டாக்டர் என்கிட்டதான் வந்து கேப்பார். அப்ப நான் யாருக்குப் போன் பண்ணணும்? உங்களுக்கா, அண்ணாவுக்கா?"